வினாத்தாளும் லயமும்: ஊவாத் தோட்டங்களில் உளச்சோதனை, உளச்சிகிச்சை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

உளச்சோதனை, உளச்சிகிச்சை ஆகியன பற்றித் தமிழில் வெளிவரும் அறிமுக எழுத்துக்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. சோதனை வலியற்றது, உண்மையைக் கூறினாற் போதும், கூறியது வெளியே போகாது, சிகிச்சைக்கு வாரமொரு முறை தனியறையொன்றில் ஏறத்தாழ 50 நிமிடம் அமர்ந்து பேசவேண்டும். இவற்றுள் எதுவும் பொய்யன்று. ஆயினும் இவ்வறிவுரை ஓய்வுநேரமுள்ள, கதவடைத்துப் பேச இடமுள்ள, கேள்வி கேட்பவரை நம்பக்கூடிய ஒரு மனிதரை முற்கோளாகக் கொண்டுள்ளது. அம்மனிதர் வரலாற்றின் குறித்தவொரு கட்டத்திலே, குறித்தவொரு வர்க்கத்திலே உருவானவர். 1918இல் புடாபெஸ்ட் மாநாட்டில் ஏழைகளுக்கு இலவச உளப்பகுப்பாய்வு வேண்டுமென்று பேசிய பிராய்டே இதனை ஓரளவு உணர்ந்திருந்தார் எனலாம். பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களை நோக்குமிடத்து, மேற்கூறிய மூன்றனுள்ளும் நம்பிக்கை பற்றிய பிரச்சினையே முதன்மையானது என்பது எமது கருத்து.

தோட்டத் தொழிலாளருக்குக் கேள்வி கேட்கப்படுதல் புதிதன்று. மண்டபம் முகாமிலே உடல் சோதிக்கப்பட்டுத் தொற்றுநீக்கப்பட்ட பின்னரே அவர்களின் மூதாதையர் பலர் கப்பலேறினர். 1921 வரை நிலவிய ‘துண்டு’ முறையிலே, கங்காணியின் கடன் விவரந் தாங்கிய ஒரு காகிதமே மனிதனை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் திரும்பப்பெற விண்ணப்பிக்கச் சொன்னது. விண்ணப்பங்களில் அடங்கியோர் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான வேளையில், குடியுரிமை பெற்றிருந்தோர் ஏறத்தாழ 134,000 பேர் மாத்திரமே. எங்கே பிறந்தாய், எப்போது இந்தியா போய்வந்தாய் என்ற வினாக்களுக்கு அளிக்கும் விடையில் ஒரு குடும்பத்தின் தலைவிதி தங்கியிருந்தது. படிவத்துடன் எதிரே அமர்ந்திருப்பவரிடம் எதையுங் குறைத்துச் சொல்வதே பாதுகாப்பு என்பதை மூன்று தலைமுறைகள் கற்றுக்கொண்டன. இதனைக் ‘கூச்சசுபாவம்’ என்று குறிப்பெழுதுவது வரலாற்றறியாமையாகும்.

இப்பின்னணியிலேதான் இன்றைய வினாக்கொத்து வருகின்றது. உலகெங்கும் பெருவழக்கிலுள்ள மனச்சோர்வு வினாக்கொத்தொன்றில் 9 வினாக்கள் உள்ளன. கடந்த இரு வாரங்களில் உறக்கம், பசி, களைப்பு, ஈடுபாடு ஆகியன எவ்வாறிருந்தன என்று அது கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 27, வழக்கமாக 10 அல்லது அதற்கு மேற்படின் மேலதிக விசாரணை தேவையெனக் கொள்ளப்படும். விடியுமுன் எழுந்து, பிரட்டுக்களத்துக்குப் போய், மழையிற் கொழுந்து பறித்து, மாலையில் அடுப்பு மூட்டும் பெண்ணிடம் களைப்பு உண்டா என்று கேட்டால் என்ன விடை கிடைக்கும்? ஒருத்தி “ஆமாங்க” என்று கூறி, நோயில்லாமலே புள்ளி பெறுவாள். இன்னொருத்தி, சாவை நினைத்துக்கொண்டே, “பரவாயில்லைங்க” என்று கூறித் தப்பிவிடுவாள். ஆகவே, சோதனைப் புள்ளி குருதிப் பரிசோதனை முடிவு போன்றதன்று. அஃது ஓர் உரையாடலின் தொடக்கம் மாத்திரமே. முடிவு நேர்காணலிற் பிறக்கவேண்டும். சோதனைக்குச் செல்லும் எவரும் இவ்வளவை எதிர்பார்க்க உரிமையுடையவர்.

சோதனைகள் இவ்வாறு இடறுவதை முற்போக்கு உளவியலாளர் முன்னரே கண்டுள்ளனர். 1931–32இல் உஸ்பெகிஸ்தானத்திலே ஆய்வு நடத்திய சோவியத் அறிஞர் லூரியா, கல்வியறிவற்ற விவசாயிகளிடம், வடக்கே பனிப்பிரதேசத்துக் கரடிகள் யாவும் வெண்மையெனில் அங்குள்ள ஓர் ஊரின் கரடி என்ன நிறமென வினவினார். தாம் காணாததைப் பற்றித் தம்மால் எவ்வாறு கூறமுடியுமென்று அவர்கள் மறுத்தனர். அங்கு வெளிப்பட்டது மூளைக்குறைவன்று, பள்ளிக்கூடம் பழக்கும் ஒருவகை விளையாட்டுடன் பரிச்சயமின்மையே. அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரான்ஸ் ஃபனோன், ஜெரோனிமியுடன் சேர்ந்து 1956இல் வெளியிட்ட ஆய்வு இன்னுங் கூர்மையானது. படங்களைக் காட்டிக் கதை சொல்லுமாறு கேட்கும் அமெரிக்கச் சோதனையொன்று முஸ்லிம் பெண்களிடம் தோல்வியுற்றது. படத்திலிருந்த உலகம் அவர்களுடையதாக இருக்கவில்லை. கற்பனை வறுமை அதற்குக் காரணமன்று.

ஆனால், பண்பாட்டு வேறுபாடு என்ற சொல்லை அளவுக்கு மீறி நம்புவதும் ஆபத்தே. கணநாத் ஒபயசேகர 1985இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலே, மேற்கில் மனச்சோர்வெனப்படும் நம்பிக்கையிழப்பு பௌத்த வாழ்க்கைநோக்கில் நோயாகாது பொருள்பெறும் என்று வாதித்தார். ஆழமான வாதந்தான். ஆயினும் ரோதைமுனியும் கவ்வாத்துச்சாமியும் உழைப்பின் அச்சத்திலிருந்து பிறந்த தெய்வங்கள் என்பதை ஒப்புக்கொள்ளும் அதேவேளை, பூசாரியின் உடுக்கு தொழிலாளிக்குப் போதும் என்று நகரத்து ஆய்வாளன் தீர்ப்பிடல் தகாது. ஊவாவிற் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ காட்டும் ஒற்றையறை லயத்து அவதி, எந்தப் பண்பாட்டுப் பொருள்கோடலாலும் ஆறுவதன்று.

எமது இடதுசாரிகளிடமும் ஒரு யந்திரப்பாங்கு உண்டு: சம்பளம் உயர்ந்தால் மனம் தானே தெளியும் என்பது. இவ்விடத்து இலங்கையின் தற்கொலை வரலாறு மனங்கொள்ளத்தக்கது. 1995இல் நூறாயிரம் பேருக்கு ஏறத்தாழ 47 என உச்சந் தொட்ட வீதம், கொடிய பூச்சிநாசினிகள் தடைசெய்யப்பட்ட பின், பத்தாண்டுகளிற் பாதியாகக் குறைந்தது. பொருளியல் நடவடிக்கையின் வலிமைக்கு இது நல்ல சான்று. ஆனால் போத்தல் கைக்கெட்டாமற் போனமையால் உயிர் தப்பியவரின் துயரம் தீர்ந்ததாகாது. அவர் பேசுவதற்கு ஒருவர் வேண்டும். அப்பேச்சு மாத்திரையைப் போல ஒருநாளிற் பயன் தருவதன்று. வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் நீள்வது. மடுல்சீமையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ பதுளை வைத்தியசாலைக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒருநாட் பேர் போய்விடும். 2021இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட நாட்சம்பளம் 1000 ரூபாய் மாத்திரமே. சம்பளத்துடன் விடுமுறை, தோட்டத்திலேயே கதவுள்ள ஓர் அறை, மொழிபெயர்ப்பாளரின்றித் தமிழிற் பேசும் உளவளத்துணையாளர் ஆகியன கருணையாற் கிட்டுவனவாக இருத்தல் கூடாது. தமிழ் 1987இலிருந்து அரசகரும மொழி. தொழிற்சங்கக் கோரிக்கைகளில் இவை இடம்பெறுவதில் என்ன தடை?

1987இல் எடின்பரோவில் வகுக்கப்பட்ட, பிரசவத்தின் பின்னரான மனச்சோர்வை அறியும் 10 வினாக்களில் இரண்டு, தகுந்த காரணமின்றிக் கவலையோ பயமோ ஏற்பட்டதா என்று கேட்பன. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அது ஆபத்தான இடமென்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. அத்தகைய சரிவொன்றின் கீழுள்ள லயத்திலே, ஐப்பசி மழையிரவில் கைக்குழந்தையுடன் விழித்திருக்கும் தாய் அவ்விரு வினாக்களுக்கும் எந்த விடையைத் தெரிவு செய்தாலும், அவளது பயத்துக்குத் தகுந்த காரணம் உண்டா இல்லையா என்பதை அவளிடமன்றித் தோட்ட நிருவாகத்திடமும் நிலச்சரிவை ஆராயும் அரச நிறுவனத்திடமுமே கேட்கவேண்டியிருக்கும்.