வீட்டுத் தோட்டத்தில் வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும்

வீட்டின் முன்புறத் தோட்டத்திலோ கொல்லையிலோ மாடித் தொட்டிகளிலோ வந்து தங்கும் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும், அவை முட்டையிடுவது முதல் அடுத்த தலைமுறை சிறகு விரிப்பது வரை தொடர்ந்து கண்டு குறித்துவைப்பது, விலையுயர்ந்த கருவிகளோ காட்டுப் பயணமோ வேண்டாத ஒரு பூச்சியியல் ஆய்வுமுறையாகும். இவ்விரு வகைகளும் லெப்பிடோப்டெரா எனப்படும் செதிற்சிறகி வரிசையைச் சேர்ந்தவை. சிறகின் இருபுறமும் ஓட்டுக்கூரை வேய்ந்தாற்போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் நுண்செதில்களே இவற்றின் நிறத்துக்குக் காரணம். பிடித்த விரலில் ஒட்டிக்கொள்ளும் பொடி இச்செதில்களின் உதிர்வேயாகும். உலகில் இதுவரை விவரிக்கப்பட்டுள்ள சுமார் 1,60,000 செதிற்சிறகி இனங்களுள் வண்ணத்துப்பூச்சிகள் சுமார் 18,000 மட்டுமே; எஞ்சியவை யாவும் அந்துப்பூச்சிகள். ஆதலால் பகலில் பூவைச் சுற்றிப் பறப்பவற்றை மட்டும் எண்ணுபவர் தம் தோட்டத்தில் உள்ளவற்றுள் மிகச் சிறிய பங்கையே கண்டவராகிறார்.

இரு வகைகளின் வேறுபாடு

வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் தடித்துக் குமிழ்போல் முடியும். அந்துப்பூச்சியின் உணர்கொம்பு இழைபோலவோ இருபுறமும் பீலி விரிந்ததாகவோ இருக்கும். வண்ணத்துப்பூச்சி அமரும்போது பெரும்பாலும் சிறகுகளை முதுகின்மேல் நிமிர்த்திச் சேர்த்துக்கொள்ள, அந்துப்பூச்சி அவற்றைத் தட்டையாகப் பரப்பியோ சரிவாக மடித்தோ வைத்துக்கொள்ளும். பகல், இரவு என்னும் பாகுபாடு இவற்றைவிட நம்பகம் குறைந்தது. இட்லிப்பூக் கொத்தின் முன் அந்தரத்தில் நின்றபடியே நீண்ட உறிஞ்சுகுழலால் தேன் குடிக்கும் மேக்ரோகுளோசம் இனத்துப் பருந்து அந்துப்பூச்சி பட்டப்பகலில் வருவது. சிறகில் நிறமற்ற சன்னல்கள் கொண்டு குளவியைப் போலத் தோன்றும் அமேட்டா இனத்தவையும் அவ்வாறே. மறுபுறம், அந்தி மங்கிய பின்னரே பறந்து, விளக்கொளிக்கு வீட்டினுள்ளும் நுழையும் மெலனிடிஸ் லீடா வண்ணத்துப்பூச்சியாகும். வகைப்பாட்டியலின் நோக்கில் வண்ணத்துப்பூச்சிகள் அந்துப்பூச்சிகளுக்கு எதிரான ஒரு தனிக்குலமே அல்ல. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கக் கண்டங்களில் பகல் வாழ்வுக்கு மாறிய ஓர் அந்துப்பூச்சிக் கிளையே அவை என்பதை 2023-இல் வெளிவந்த விரிவான மரபணு ஆய்வு காட்டியுள்ளது.

இலையைப் பார்த்தல்

தோட்டத்துக்கு வண்ணத்துப்பூச்சி வரவேண்டும் என விரும்புவோர் பூச்செடி வாங்குவதோடு நின்றுவிடுகின்றனர். பூ, வளர்ந்த பூச்சிக்குத் தேன் தருவது. அத்தேனைப் பெரும்பாலான இனங்கள் பற்பல பூக்களிலிருந்து பெற்றுக்கொள்ளும். வேலியோரம் தானாக முளைக்கும் வெட்டுக்காயப் பூண்டின் சிறு பூ கூடப் பல இனங்களுக்குப் போதும். ஆனால் புழுப்பருவத்தில் ஒவ்வோர் இனமும் ஒரு சில செடிகளின் இலையை மட்டுமே தின்னும். அச்செடி அவ்வினத்தின் உணவுத்தாவரம் எனப்படும். தாய்ப்பூச்சி முன்னங்கால்களால் இலையைத் தட்டி, கால்களிலுள்ள சுவையுணர்வு உறுப்புகளால் சோதித்த பின்னரே அதன்மேல் முட்டையிடுகிறது. எனவே ஒரு தோட்டத்தில் எந்த இனங்கள் பெருகும் என்பதை அங்குள்ள இலைகளே தீர்மானிக்கின்றன. வெளிநாட்டு அழகுச்செடிகளும் கத்தரித்த புல்தரையும் மட்டுமே உள்ள தோட்டத்தைவிட, கறிவேப்பிலையும் எலுமிச்சையும் நிற்க, ஓரத்தில் எருக்கும் ஆமணக்கும் முளைத்துக் கிடக்கும் பழைய கொல்லை நோக்குவோர்க்குப் பன்மடங்கு பயன் தருவதாகும்.

எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை ஆகியவை ஒரே குடும்பத்துச் செடிகள்; தமிழகக் கொல்லைகளில் வாழ்க்கைச் சுற்றை முழுமையாகப் பார்க்க இவற்றைவிட ஏற்ற இடம் இல்லை எனலாம். பப்பிலியோ டெமோலியஸ் எனப்படும் எலுமிச்சை அழகி, இளந்தளிரில் வெளிர்மஞ்சள் நிற உருண்டை முட்டைகளைத் தனித்தனியே இட்டுச் செல்லும். மூன்று நான்கு நாள்களில் வெளிவரும் புழு கரும்பழுப்பில் வெள்ளைத் திட்டோடு பறவை எச்சத்தை ஒத்திருப்பதால் எதிரிகளின் கண்ணுக்குத் தப்புகிறது. நான்கு முறை தோலுரித்து ஐந்தாம் நிலையை அடையும்போது, எச்சத்தின் அளவை உடல் மீறிவிடுவதால் அவ்வேடம் இனிப் பயன்படாது. புழு இலைப்பச்சைக்கு மாறிவிடுகிறது. அதைத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து கவைத்த செந்நிற உறுப்பு ஒன்று சட்டென வெளிப்பட்டுக் கடுநெடி பரப்பும். ஆஸ்மெடீரியம் எனப்படும் இவ்வுறுப்பு அழகிக் குடும்பத்துப் புழுக்கள் அனைத்துக்கும் உரியது. வளர்ச்சி முடிந்த புழு குச்சியில் வால்நுனியை ஊன்றி, மார்பைச் சுற்றி ஒற்றைப் பட்டிழையை இடைக்கச்சாகக் கட்டிக்கொண்டு, தலை மேல்நோக்கிய கூட்டுப்புழுவாகிறது. கூட்டுப்புழு பச்சையா பழுப்பா என்பது பெரும்பாலும் அது பற்றியிருக்கும் இடத்தின் தன்மையைப் பொறுத்தது. முட்டை முதல் சிறகு விரிவது வரை ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடுவதால், பள்ளி விடுமுறை ஒன்றிலேயே ஒரு சிறுவர் முழுச் சுற்றையும் கண்டுவிடலாம்.

கறிவேப்பிலைச் செடிக்கு வரும் மற்றோர் இனமான பப்பிலியோ பாலிட்டிஸ், அதாவது கறிவேப்பிலை அழகி, உயிரியல் வரலாற்றிலேயே இடம்பெற்ற ஒன்று. ஆண் கறுப்பு, பின்சிறகில் வெண்திட்டுகளின் வரிசை. பெண்களோ மூன்று வடிவினர்: ஒரு வடிவம் ஆணையே ஒத்தது, மற்றொன்று ரோஜா அழகி என்னும் வேறோர் இனத்தையும், மூன்றாவது செந்நிற உடல் கொண்ட பேக்லியாப்டா ஹெக்டரையும் ஒத்தவை. இவ்விரு மூல இனங்களின் புழுக்கள் ஆடுதின்னாப்பாளை, ஈசுவரமூலி ஆகியவற்றைத் தின்று அவற்றின் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அவற்றைத் தவிர்க்கின்றன. நஞ்சற்ற கறிவேப்பிலை அழகிப் பெண்கள் அவ்வுருவைப் போர்த்தி அதே பாதுகாப்பைப் பெறுகின்றன. இது போலித்தோற்றம் எனப்படும். வெவ்வேறு தோற்றமுடைய இப்பெண்கள் ஓரினத்தவையே என்பதை ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் 1865-இல் வெளியிட்ட ஆய்வுரையில் விளக்கினார். இம்மாற்றத்தை ஆள்வது, ஆண்பெண் வேறுபாட்டை வகுக்கும் டபுள்செக்ஸ் என்னும் மரபணுவே என 2014-இல் கண்டறியப்பட்டது. மூலத்தையும் போலியையும் தோட்டத்தில் பிரித்தறிய எளிய வழி உடலைப் பார்ப்பதாகும்: மூல இனங்களின் உடலில் சிவப்பு படர்ந்திருக்கும், போலியின் உடல் கறுத்தே இருக்கும்.

எருக்கிலும் இதே கதை வேறு பாத்திரங்களோடு நிகழ்கிறது. வெந்தய வரியனின் புழு எருக்கம்பாலில் உள்ள, இதயத்தைத் தாக்கும் நஞ்சுகளைத் தாங்கி வளர்கிறது. பால் பீறிட்டு வாயை அடைக்காதிருக்க, பெரும்பாலும் இலை நரம்பை முதலில் கடித்து ஓட்டத்தைத் தடுத்துவிட்டே தின்னத் தொடங்கும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு மூன்று இணைக் கருநிற இழைகள் கொண்ட இப்புழு ஒளிந்துகொள்ள முயல்வதேயில்லை. பருப்புக்கீரையில் வளரும் ஹைபோலிம்னஸ் மிசிப்பஸ் இனத்தின் பெண் இந்த வரியனின் போலி. ஆணுக்கோ வரியனின் சாயலே கிடையாது. வரியன் குடும்பத்து ஆண்கள் பெண்ணைக் கவரும் மணப்பொருளை ஆக்குவதற்கு வேண்டிய ஆல்கலாய்டுகளைத் தேள்கொடுக்கு, கிலுகிலுப்பை ஆகிய செடிகளின் வாடிய பகுதிகளிலிருந்து உறிஞ்சுகின்றன. ஆகவே பிடுங்கிய தேள்கொடுக்கைக் குப்பையில் எறியாமல் வேலியில் தொங்கவிட்டால் நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் முதலியவை கூட்டமாக வந்து மொய்ப்பதைக் காணலாம்.

ஆமணக்கில் ஆமணக்குச் சிறகனும், சரக்கொன்றையில் கொன்னை வெள்ளையனும், நெட்டிலிங்கத்திலும் சீத்தாவிலும் வாலுடைய பச்சைப்புள்ளி அழகியும், அரளியில் வெண்புள்ளிக் கருப்பனும் முட்டையிடுகின்றன. கருப்பனின் கூட்டுப்புழு அரளியிலையின் அடியில் உருக்கிய வெள்ளி போலப் பளபளப்பதைத் தேடிப் பார்ப்பது வீண்போகாது. சிறிய நீலன்களை அவற்றின் வேகத்தால் பலர் பொருட்படுத்துவதில்லை. அவற்றுள் இருவகை குறிப்பிடத்தக்கவை. மாதுளைக் காய்க்குள் துளைத்து வாழும் விராகோலா புழு, காய் உதிர்ந்துவிடாதபடி காம்பைக் கிளையோடு பட்டிழையால் பிணைத்துவைக்கிறது. ஸ்பால்ஜிஸ் எபியஸ் புழுவோ இலை தின்னாது. செம்பருத்தியை வாட்டும் மாவுப்பூச்சிகளே அதன் உணவு. அதன் கூட்டுப்புழுவின் முதுகு குரங்கு முகம் போன்ற தோற்றமுடையது.

இரவில் காணல்

அந்துப்பூச்சிகளைக் காண்பதற்கான பொதுவான முறை, கொடியில் வெள்ளைத் துணியைக் கட்டி அதன்முன் விளக்கு ஏற்றுவதாகும். புறஊதாக் கதிர் கலந்த பாதரச ஆவி விளக்குக்கு வரும் கூட்டம் சாதாரண மஞ்சள் விளக்குக்கு வராது. நிலவற்ற, காற்றடங்கிய, மழை பெய்து புழுங்கும் இரவுகளே சிறந்தவை. விடியும்வரை விளக்கை எரியவிட்டால், களைத்துத் துணியில் தங்கிய பூச்சிகளைக் காலையில் கரிச்சானும் மைனாவும் தின்று தீர்த்துவிடும். ஆதலால் நள்ளிரவுக்குள் அணைத்துவிடுதல் நல்லது. விளக்குக்கு வராத இனங்களுக்காகக் கனிந்த வாழைப்பழத்தையும் வெல்லத்தையும் புளிக்கவைத்து மரப்பட்டையில் பூசும் வழக்கமும் உண்டு. தேன் குடிக்க வருபவற்றை அந்திமந்தாரை, மரமல்லி, பப்பாளி ஆகியவற்றின் அருகே இருட்டத் தொடங்கும் வேளையில் நின்றே பார்க்கலாம். பப்பாளியின் மகரந்தத்தைக் கடத்துவோருள் பருந்து அந்துப்பூச்சிகள் முதன்மையானவை.

பச்சையும் இளஞ்சிவப்பும் அலையலையாகப் படர்ந்த டாஃப்னிஸ் நீரை என்னும் அந்துப்பூச்சி, அரளியையும் நந்தியாவட்டையையும் தின்னும் பெரும் புழுவாக வளர்ந்து, சருகடியில் கூட்டுப்புழுவாகிறது. எலுமிச்சைப் பழத்தைத் துளைத்துச் சாறு குடிப்பதால் உழவர் வெறுக்கும் யூடோசிமா, புழுப்பருவத்தில் தின்பது வேலியில் படரும் சீந்தில் கொடியை. பழம் ஒரு தோட்டத்தில் கெடுவதன் தொடக்கம் அடுத்த தோட்டத்துக் கொடியில் இருக்கக்கூடும். செங்காந்தள் இலையில் கறுப்பு, வெள்ளை, செம்மஞ்சள் நிறங்களில் காணும் புழு பாலிடீலா குளோரியோசேயினுடையது. வீட்டுச் சுவரில் வெள்ளரி விதையளவில் ஒட்டிக் கிடக்கும் சாம்பல்நிறத் தட்டைக்கூடும் ஓர் அந்துப்பூச்சிப் புழுவின் வீடுதான். தலைமுடியும் பழைய ஒட்டடையும் அதன் உணவு. முருங்கை மரத்தடியில் பகலெல்லாம் திரளாக ஒட்டியிருந்து இரவில் இலைக்கு ஏறும் கம்பளிப்பூச்சி, யூப்டெரோட் மாலிஃபெரா என்னும் அந்துப்பூச்சியின் புழு. அதன் மயிர் தோலில் பட்டால் கடும் அரிப்பும் தடிப்பும் உண்டாகுமாதலால் வெறுங்கையால் தொடலாகாது.

பருவமும் பதிவும்

தென்னிந்தியாவில் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னர் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் முதலியவை பெருந்திரளாகக் கிழக்குச் சமவெளிக்கு இடம்பெயர்ந்து, ஆண்டின் பிற்பகுதியில் திரும்புகின்றன. அக்காலங்களில் நகர வீட்டு மாடியின்மேல் ஒரே திசையில் கடந்துபோகும் பூச்சிகளின் எண்ணிக்கை, திசை, நேரம் ஆகியவற்றைக் குறித்தாலே அது மதிப்புள்ள தரவாகிறது. மழைக்காலத்தில் சிறகின் அடிப்பக்கம் கண்வடிவப் புள்ளிகளோடு காணும் மெலனிடிஸ் லீடா, வறண்ட காலத்தில் அப்புள்ளிகள் மங்கிச் சருகுபோல் மாறிவிடுவதால், தேதியற்ற ஒளிப்படத்தைக் கொண்டு பருவ மாற்றத்தை ஆராய இயலாது. குறிப்பேட்டில் நாள், நேரம், வானிலை, அமர்ந்த செடி, நடத்தை ஆகிய ஐந்தும் இடம்பெற வேண்டும். ஒளிப்படத்தில் சிறகின் மேற்பக்கம், அடிப்பக்கம் இரண்டும் வேண்டும். அடையாளம் காண வண்ணத்துப்பூச்சிகளுக்கு ஐசக் கெஹிம்கர், கிருஷ்ணமேக் குண்டே ஆகியோரின் நூல்கள் உதவும். அந்துப்பூச்சிகளுக்கு, நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்திய ஜார்ஜ் ஹாம்ப்சன் 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகளாக எழுதிய நூலை இன்றும் ஆய்வாளர் புரட்ட நேர்வது இத்துறையில் எஞ்சியுள்ள வேலையின் அளவைக் காட்டும். 2019-இல் தமிழகத்தின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் மலைக்காட்டு இனமாதலால் சமவெளித் தோட்டத்துப் பட்டியலில் அதை எதிர்பார்ப்பதற்கில்லை.

பூச்சிக்கொல்லி தெளித்த செடியில் இவற்றை நோக்க இயலாது என்பது சொல்லாமலே விளங்கும்; எலுமிச்சைக் கன்றில் புழு மிகுந்தால் சிலவற்றை எடுத்துப் பெரிய மரத்துக்கு மாற்றுவதே போதுமானது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் அட்டவணைகளில் பல வண்ணத்துப்பூச்சிகள் இடம்பெற்றுள்ளமையால் பிடித்துக் குத்திவைக்கும் சேகரிப்பு வீட்டு ஆர்வலர்க்கு உரியதன்று. புழுவைப் பெட்டியில் வளர்ப்போர் நாள்தோறும் புதிய இலை இட்டு, எச்சத்தை அகற்றி, ஏறிக் கூடமைக்க ஒரு குச்சியை நிறுத்தி, வாயை வலைத்துணியால் மூடவேண்டும். தோட்டத்தில் வளர்ந்த நிலையில் எடுக்கப்பட்ட புழுவிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்கு மாறாக ஈயோ சிறு குளவியோ வெளிவருவது அரிதன்று. புழுவின் உடலில் முட்டையிட்டு, உள்ளிருந்தே அதைத் தின்று வளரும் இவை ஒட்டுண்ணிகள் எனப்படும். எந்தப் புழுவிலிருந்து எந்த ஒட்டுண்ணி எந்நாளில் வந்தது என்பதையும் அதே குறிப்பேட்டில் எழுதிவைத்தல் வேண்டும்.