ஏரியும் கெரெயும்: திறந்த நிலப்படத்தில் நீர்நிலைகளை வகைப்படுத்தல்

மைசூர் மானசகங்கோத்திரி வளாகத்தை ஒட்டிக் கிடக்கும் பெரிய நீர்நிலைக்குக் கன்னடத்தில் 'குக்கரஹள்ளி கெரெ' என்று பெயர். மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1864ஆம் ஆண்டளவில் அமைக்கப்பட்டது. இன்றைய ஆங்கில வழக்கில் இது 'லேக்' எனப்படுகிறது. முன்னைய ஆங்கில வழக்கில் இத்தகையவை 'டேங்க்' எனப்பட்டன. பொதுமக்கள் கூடித் தொகுக்கும் 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்னும் திறந்த நிலப்படத்தில் இதனைப் பதிவு செய்யப் புகும் ஒருவர் 'லேக்', 'ரிசர்வாயர்', 'பாண்ட்' என்னும் வகைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். 'டேங்க்' அவ்வரிசையில் இல்லை. இத்தெரிவு கணிப்பொறி சார்ந்த சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆனால் இது ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல். அதற்கு இருநூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

இந்நிலப்படத் திட்டம் 2004இல் இங்கிலாந்தில் தொடங்கியது. படத்தில் வரையப்படும் ஒவ்வொரு பொருளுக்கும் தலைப்பும் மதிப்பும் இணைந்த குறிச்சொற்கள் தரப்படும். எவரும் புதிய குறிச்சொல்லைப் படைக்கலாம் என்பது கொள்கை. எனினும் பிறர் ஒப்பினால்தான் அது வழக்காகும். பிறந்த இடம் காரணமாகக் குறிச்சொற்கள் பிரித்தானிய ஆங்கிலத்தில் அமைய வேண்டும் என்னும் மரபும் நிலைத்துவிட்டது. தொடக்கத்தில் 'ரிசர்வாயர்' என்பது நிலப் பயன்பாட்டு வகையாகக் கொள்ளப்பட்டது. 2011இல் வாக்கெடுப்பின்வழி ஏற்கப்பட்ட முறையோ அதனை நீர்ப்பரப்பின் ஒரு வகையாக்கியது. இரண்டுள் எது சரி என்னும் வாதம் அதன் பின்னும் ஓயவில்லை. நீரைத் தேக்குதல் என்பது நிலத்தின் பயனா, நீரின் இயல்பா? பொருண்மையியலார் இதனைத் தம் துறைக்குரிய வினா என்று உடனே இனங்காண்பர். இருசாராரும் தம்மை அறியாமல் ஒன்றில் உடன்படுகின்றனர் என்பதே இங்கு நோக்கத்தக்கது: பெயரிடப்படும் பொருள் நீர்ப்பரப்பு என்பதே அது.

திராவிட மொழிகள் இவ்வாறு கருதவில்லை. கன்னடக் 'கெரெ'யின் பழைய வடிவம் 'கெறெ'. பரோ, எமனோ ஆகியோரின் திராவிட வேர்ச்சொல் அகராதி இதனைத் தமிழ்ச் 'சிறை', மலையாளச் 'சிற', தெலுங்குச் 'செறுவு' ஆகியவற்றோடு ஒரே தொகுதியில் வைக்கிறது. முன்னுயிர்க்கு முன்வரும் ககரம் தமிழில் சகரமாதலும் கன்னடத்தில் மாறாது நிற்றலும் நாம் அறிந்த ஒலிமாற்றமே. தமிழில் 'சிறை' என்பதற்குக் காவல், தடை, அணை என்னும் பொருள்கள் உள்ளன. தொல்காப்பியப் புறத்திணையியலில் வரும் 'கற்சிறை' கல்லணையைச் சுட்டுகிறது. எனவே கெரெ என்பது தடுக்கப்பட்டது. தடுத்த கரையின்றிக் கெரெ இல்லை. 'ஏரி'யின் வழக்கு இதனினும் சுவையானது. தமிழில் அது நீர்நிலையைக் குறிக்க, கன்னடத்தில் 'ஏரி' நீர்நிலையின் கரையையே குறிக்கிறது. 'கெரெ ஏரி' என்றால் ஏரிக்கரை.

இவ்வேறுபாட்டை ஆங்கிலேயரும் அறியாமலில்லை. 1800இல் சென்னையிலிருந்து மைசூர் நோக்கிப் புறப்பட்ட பிரான்சிஸ் புக்கானன் செம்பரம்பாக்கம் ஏரியைக் கண்டு எழுதினார். 1807இல் வெளிவந்த அவரது பயண நூல், தாழ்நிலத்தின் குறுக்கே கரையெழுப்பி ஆக்கப்படும் ஏரியையும் மண்ணைத் தோண்டி ஆக்கப்படும் குளத்தையும் வேறு பிரித்துக் காட்டுகிறது. ஆயினும் இரண்டுக்கும் ஐரோப்பியர் வழங்கிய சொல் 'டேங்க்' ஒன்றே. இச்சொல் போர்த்துக்கீசிய மொழிவழி வந்ததா, மேலை இந்திய மொழிகளிலிருந்து வந்ததா என்பதை யூல், பர்னெல் ஆகியோரின் ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி (1886) விரிவாக ஆராய்கிறது. மூலம் எதுவாயினும், நில அளவைப் படங்களும் பாசன ஆவணங்களும் அச்சொல்லையே கைக்கொண்டன. இலங்கையிலும் இதுவே நிகழ்ந்தது; இரணைமடுக்குளம் ஆங்கிலத்தில் இன்றும் 'டேங்க்'தான்.

பிரித்தானிய ஆங்கிலத்திலோ 'டேங்க்' என்பது உலோகத்தாலோ கற்காரையாலோ ஆன கொள்கலம். எனவே இருநூறாண்டு வழக்கு உள்ள ஓர் ஆங்கிலச் சொல், ஆங்கிலத்தில் அமைந்த குறிச்சொல் மரபுக்குள் நுழைய இயலவில்லை. மொழிபெயர்ப்பு வகுப்பில் ஒரு மாணவர் 'டேங்க் பண்ட்' என்பதைத் 'தொட்டிக்கரை' என்று பெயர்த்தது நினைவுக்கு வருகிறது. அவரைக் குறை சொல்வதற்கில்லை. அகராதி அவருக்கு அதைத்தான் தந்தது.

சட்டமொழியிலும் இத்தடுமாற்றம் உண்டு. கர்நாடகத்தில் நீர்நிலைகளைப் பேணுவதற்கான 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆங்கிலத் தலைப்பில் 'லேக்' என்றிருந்த சொல் 2018இல் 'டேங்க்' என மாற்றப்பட்டது. தமிழ்நாட்டின் 2007ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கத்திலேயே 'டேங்க்' என்றது. கன்னட வழக்கில் இவை அனைத்தும் கெரெயே. மாறியது ஆங்கிலம் மட்டும்.

சொல் எதுவாயினும் என்ன என்று கேட்கலாம். வேனிற்காலத்தில் நம் ஏரிகளிற் பல வறண்டு கிடக்கும். அப்போது எடுத்த வான்படத்தைப் பார்த்துத் தொலைவிலிருந்து வரைபவருக்கு அங்கு நீர் இல்லை; புல்வெளியோ விளைநிலமோ தெரியும். இப்போது தரையில் உள்ளதையே வரைக என்பது இந்நிலப்படத்தின் அடிப்படை விதி. நீர்ப்பரப்பே பொருள் எனக் கொண்டால் அவ்வேரியை நீக்குவது விதிப்படி சரியாகிவிடும். இடையிட்டு நீர் நிற்பதைச் சுட்டத் தனிக் குறிச்சொல் உண்டு. ஆனால் அங்கு ஏரி உண்டென்று முன்பே அறிந்தவரே அதனைச் சேர்ப்பர். கரையே பொருள் எனக் கொண்டாலோ, வறண்ட ஏரியும் ஏரியே. நீரில்லாத ஏரியை வெற்றிடமாகக் காணும் பார்வையின் விளைவை நம் நகரங்களில் காணலாம். பெங்களூரின் தர்மாம்புதி கெரெ பேருந்து நிலையமாயிற்று; சம்பங்கி கெரெ விளையாட்டரங்கமாயிற்று. சென்னையில் நுங்கம்பாக்கம் முதல் தெற்கே நீண்டிருந்த நெடிய ஏரியின் மாம்பலப் பகுதி 1920களில் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது. இன்று நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்ட்' சாலையும் மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ' சாலையும் உள்ளன. ஏரி மறைந்தபின்னும் அதற்கு வழங்கிய இரண்டு ஆங்கிலப் பெயர்களும் தெருப்பலகைகளில் தனித்தனியே எஞ்சியுள்ளன!

தமிழுக்குள்ளும் ஒரே வகைப்பாடு இல்லை. செங்கற்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஏரி, மதுரை, இராமநாதபுரம் பக்கத்தில் கண்மாய். திருநெல்வேலியில் பாசனத்துக்குரியதும் குளமே. புக்கானன் கண்ட ஏரி, குளம் வேறுபாடு வடதமிழகத்துக்குப் பொருந்தும், தென்கோடிக்குப் பொருந்தாது. ஏந்தல், தாங்கல், ஊருணி, குட்டை ஆகியவற்றையும் சேர்த்தால் மூன்று ஆங்கிலக் கட்டங்களுக்குள் இவற்றை அடக்குவது எவ்வளவு பொருந்தாதது என்பது விளங்கும். செம்பரம்பாக்கம் ஏரி இன்று சென்னைக்குக் குடிநீர் தருவதால் 'ரிசர்வாயர்' என்பது அதற்கு ஒருவாறு பொருந்துகிறது. அதே குறிச்சொல்லை ஓர் ஊருணிக்குத் தருவோர் உளரா?

பொது வகைக்கு ஆங்கிலக் குறிச்சொல் இருந்துவிட்டுப் போகட்டும். உலகளாவிய தொகுப்புக்கு ஏதேனும் ஒரு பொதுமொழி வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு 'ரிசர்வாயர்' குறைந்த பிழையுடையது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. அது தேக்கும் செயலையேனும் சுட்டுகிறது. ஆனால் கரையைத் தனிப்பொருளாக வரைவதும், ஊரார் வழங்கும் வகைச்சொல்லைப் பெயரிலிருந்து பிரிக்காமல் பதிவதும் கட்டாயமாதல் வேண்டும். ஒவ்வொரு மொழியிலும் பெயரைத் தனித்தனியே பதிய இந்நிலப்படம் ஏற்கெனவே இடந்தருகிறது.

அவ்விடத்தில் தமிழில் எதனை எழுதுவது என்பது அடுத்த சிக்கல். 'குக்கரஹள்ளி ஏரி' என்பது தமிழருக்கு இயல்பான மொழிபெயர்ப்பு. ஆனால் மைசூரில் வழிகேட்டு வரும் தமிழர் அச்சொல்லை உச்சரித்தால், கன்னடர் காலையில் மக்கள் நடைபயிலும் அந்தக் கரையைத்தான் காட்டுவார். 'குக்கரஹள்ளிக் கெரெ' என்று ககர ஒற்று மிகுத்துத் தமிழ்ப் புணர்ச்சியோடு எழுதுவதையே இக்கட்டுரையாளர் விரும்புவார்.