கூறியது கூறல்: சோதனை நிரல்களின் வரலாறு தரும் பாடம்

நூலுக்கு ஆகாதவை என நன்னூல் பத்துக் குற்றங்களை எடுத்துரைக்கிறது. அவற்றுள் ஒன்று ‘கூறியது கூறல்’. மற்றொன்று ‘மாறுகொளக் கூறல்’, அதாவது முன்னுக்குப்பின் முரணாகச் சொல்லுதல். இலக்கண வகுப்பில் படித்த இக்குற்றங்களைக் கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர் நாள்தோறும் எதிர்கொள்கின்றனர். முதற்குற்றமே இரண்டாவதற்குத் தாய் என்பது அவர்கள் பட்டறிந்த உண்மை. அந்த வரலாற்றைச் சற்றுக் காண்போம்.

கேம்பிரிட்ஜில் தொடங்கிய கதை

நிரல் என்பது கணிப்பொறி வரிசையாக நிறைவேற்ற வேண்டிய ஆணைகளின் தொகுப்பு. 1949ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் குழுவினர் அமைத்த எட்சாக் என்னும் கணிப்பொறி தன் முதல் நிரலை இயக்கியது. 0 முதல் 99 வரையுள்ள எண்களின் வர்க்கங்களை அது அச்சிட்டது. ஆணைகள் காகித நாடாவில் துளைகளாக இடப்பட்டு உள்ளே செலுத்தப்பட்டன.

சில வாரங்களில், ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்க வில்க்ஸ் தாமே ஒரு நிரல் எழுதினார். 126 வரிகளே கொண்ட அதில் ஏறத்தாழ 20 பிழைகள் இருந்தன! தம் வாழ்நாளின் பெரும்பகுதி தாம் எழுதும் நிரல்களில் பிழை தேடுவதிலேயே கழியப்போகிறது என்று அப்போது உணர்ந்ததாக அவர் பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார்.

இதற்கு ஒரு தீர்வு துணைநிரல். வர்க்கமூலம் காணுதல், சைன் மதிப்புக் காணுதல் போன்ற வேலைகள் எல்லா நிரல்களுக்கும் பொதுவானவை. அவற்றை ஒவ்வொருவரும் புதிதாக எழுதினால் ஒவ்வொருவரும் புதிதாகப் பிழை செய்வர். ஒருவர் எழுதி, நன்கு சோதித்து, நூலகத்தில் வைத்துவிட்டால் மற்றவர் எடுத்தாளலாம் அல்லவா? ஒவ்வொரு கணக்கிற்கும் மடக்கையை நாமே கணக்கிடாமல் கிளார்க் அட்டவணையைப் புரட்டுவது போன்றது இது.

ஆனால் ஓர் இடர்ப்பாடு இருந்தது. ஒரே துணைநிரலை நிரலின் பல இடங்களிலிருந்து அழைத்தால், வேலை முடிந்ததும் எந்த இடத்திற்குத் திரும்புவது? ஆராய்ச்சி மாணவரான டேவிட் வீலர் இதற்கு வழி கண்டார். அழைக்கும் நிரல் தன் இருப்பிட எண்ணையும் உடன் அனுப்பும். துணைநிரல் அதைக் கொண்டு, திரும்புவதற்கான ஆணையைத் தானே அமைத்துக்கொள்ளும். 1951இல் எட்சாக் நூலகத்தில் 87 துணைநிரல்கள் இருந்தன. அதே ஆண்டில் வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் ஆகிய மூவரும் நிரல் எழுதும் முறை பற்றிய நூலொன்றை வெளியிட்டனர். பிற நிரல்களின் ஓட்டத்தைப் பின்தொடர்ந்து பிழை காண உதவும் நிரல்களைப் பற்றிக் கில் தனியே ஓர் ஆய்வுக்கட்டுரையும் எழுதினார். நிரலைக் கொண்டே நிரலை ஆராயும் வழி இவ்வாறு தொடக்கத்திலேயே தோன்றிவிட்டது.

நிரலைச் சோதிக்கும் நிரல்

பின்வந்த ஆண்டுகளில் நிரல்கள் இலட்சக்கணக்கான வரிகளாக வளர்ந்தன. ஓரிடத்தில் செய்யும் திருத்தம் வேறோர் இடத்தைக் கெடுத்துவிடும். ஒவ்வொரு திருத்தத்திற்குப் பின்னும் எல்லாவற்றையும் மனிதரே சரிபார்ப்பது இயலாது. எனவே சோதனைகளையும் நிரலாகவே எழுதிவைக்கும் வழக்கம் வலுப்பெற்றது. அமெரிக்கரான கென்ட் பெக், ஸ்மால்டாக் மொழிக்கான எளிய சோதனை அமைப்பொன்றை 1994இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். 1997இல் அவரும் எரிக் காமாவும் சூரிக்கிலிருந்து அட்லாண்டாவுக்கு விமானத்தில் சென்றபோது, அதே கருத்தைக் கொண்டு ஜாவா மொழிக்கு ஜேயூனிட் என்பதை எழுதத் தொடங்கினர். அது விரைவில் உலகெங்கும் பரவியது.

இங்கேதான் பழைய குற்றம் புதிய இடத்தில் தலைகாட்டியது. ஓர் எடுத்துக்காட்டு: தேர்வு முடிவு கணிக்கும் நிரலொன்றுக்கு 60 சோதனைகள் உள்ளன என்று கொள்வோம். ஒவ்வொன்றும் ஒரு மாணவரையும் ஒரு மதிப்பெண் பதிவேட்டையும் உருவாக்கும் அதே பத்து வரிகளுடன் தொடங்குகிறது. பிறகொரு நாள், பதிவேட்டில் பயிற்றுமொழியையும் குறிக்க வேண்டும் என விதி மாறுகிறது. உடனே 60 சோதனைகளும் தோல்வியடைகின்றன. மதிப்பெண் கணக்கில் பிழையேதும் இல்லை. தொடக்க வரிகளே பழையவை. 59 இடங்களில் திருத்தி ஓரிடத்தை மறந்தால் அவ்விடம் மாறுகொளக் கூறும். இவ்வாறு பொய்த்தோல்விகள் பெருகினால் எழுதியவர் சலித்து, சோதனைகளையே நிறுத்திவிடுவார். அதன்பின் உண்மையான பிழை நேர்ந்தாலும் எச்சரிக்க எதுவும் இராது.

பெக்கின் அமைப்பில் இதற்கு மருந்து உண்டு. பொதுவான தொடக்க வரிகளை ‘ஆயத்தம்’ என்ற ஒரே பகுதியில் எழுதலாம். ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் அமைப்பு அதனைப் புதிதாக இயக்கும். எழுதுவது ஒருமுறை, நிகழ்வது பலமுறை. ஆகவே ஒரு சோதனை விட்டுச்சென்ற மிச்சம் அடுத்ததைத் தீண்டாது.

இன்னொரு வழி அட்டவணை. தேர்ச்சிக்கு 35 மதிப்பெண் என்றால் 0, 34, 35, 100 ஆகியவற்றுக்கு நான்கு சோதனைகள் எழுத வேண்டியதில்லை. மதிப்பெண் ஒரு பத்தியிலும் வரவேண்டிய விடை மறு பத்தியிலும் இருக்க, ஒரே சோதனை வரிசைதோறும் இயங்கும். 2006இல் வந்த ஜேயூனிட்டின் நான்காம் பதிப்பில் இவ்வசதி இடம்பெற்றது.

எங்கே நிறுத்துவது?

ஆண்ட்ரூ ஹன்ட், டேவிட் தாமஸ் இருவரும் 1999இல் எழுதிய நூலில் இதைப் பொதுவிதியாகவே வகுத்தனர். ஒவ்வோர் அறிவுக்கூறும் ஒரு நிரல்தொகுதியில் ஓரிடத்தில் மட்டுமே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் விதியை அளவுக்கு மீறிக் கடைப்பிடித்தால் வேறொரு குற்றம் சேரும். அது ‘குன்றக் கூறல்’. ஜெரார்ட் மெஸாரோஸ் 2007இல் சோதனை நிரல்களைப் பற்றி எழுதிய விரிவான நூலில், திரும்பத் திரும்ப எழுதுவதைக் குறையாகச் சுட்டியதோடு, படித்துப் புரிந்துகொள்ள முடியாத சோதனையையும் குறையாகவே சுட்டினார். 34 பெற்றவர் தேறவில்லை என்பதைச் சோதிக்கும்போது, அந்த 34 என்ற எண் எங்கோ தொலைவில் உள்ள கோப்பில் ஒளிந்திருந்தால் படிப்பவருக்கு என்ன விளங்கும்?

மற்றோர் அபாயமும் உண்டு. வெர்னியர் அளவியின் சுழிப்பிழையை ஒருமுறை கண்டு எல்லா அளவீடுகளுக்கும் பயன்படுத்துகிறோம். அது தவறானால் அத்தனை அளவீடுகளும் ஒருசேரத் தவறும். பொதுப்பகுதியின் நிலையும் அதுவே. கேம்பிரிட்ஜில் துணைநிரலைச் சோதித்த பின்பே நூலகத்தில் சேர்த்ததன் காரணம் இதுதான்.

ஆக, எதை ஒருமுறை எழுதுவது, எதை மீண்டும் எழுதுவது? இதற்கு ஒரு கேள்வி போதும்: ‘இந்த வரி மாறினால் இச்சோதனையின் பொருள் மாறுமா?’ மாறும் என்றால் அவ்வரி சோதனையிலேயே கண்ணுக்குத் தெரியட்டும். மாறாது என்றால் அதை ஆயத்தப் பகுதிக்கு அனுப்பிவிடலாம். நிரல் எழுதக் கற்கும் மாணவர்கள் தங்கள் அடுத்த சோதனையிலேயே இக்கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.