நிலையான முகவரி இல்லாதவர்கள் ட்ரோன் சான்றிதழ் பெறுவது எப்படி?

வாடகை வீடு, புறம்போக்குக் குடிசை, ஆட்டுக்கிடை என்று இடம் மாறித் தங்குபவரா நீங்கள்? மருந்து தெளிக்கும் ட்ரோனை இயக்க நீங்களும் சான்றிதழ் பெறலாம்.

வயது 18 முதல் 65-க்குள் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெற்று, டி.ஜி.சி.ஏ. எனப்படும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த மையத்தில் பயிற்சி முடிக்க வேண்டும். சான்றிதழ் 10 ஆண்டுகள் செல்லும்.

முன்பு பாஸ்போர்ட் கேட்டார்கள். 2023 செப்டம்பரில் விதி திருத்தப்பட்டது. பாஸ்போர்ட் இல்லாதவர்கள் அரசு வழங்கிய அடையாளச் சான்றும், முகவரிக்கு வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, ஓட்டுநர் உரிமம் இவற்றில் ஒன்றும் கொடுத்தால் போதும்.

இவை எதுவும் இல்லை என்றால், முதலில் வாக்காளர் பட்டியலில் சேருங்கள். படிவம் 6-இல் நீங்கள் இரவில் தங்கும் இடத்தை எழுதுங்கள். வீடற்றவர் என்றால் வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் நேரில் வந்து பார்ப்பார். ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் நீங்கள் அங்கேயே தூங்குவது உறுதியானால் முகவரி ஆவணம் தேவையில்லை. விசாரணை முடியும்வரை இடம் மாறாதீர்கள்.

தங்காத வீட்டின் முகவரியை எழுதாதீர்கள். பொய்யான உறுதிமொழி தண்டனைக்குரிய குற்றம். அட்டை கைக்கு வந்த பிறகே பயிற்சிக் கட்டணம் கட்டுங்கள்.