ப்ளோவர் பென்ட்லி: காற்றை ஊதினா மட்டும் போதுமா?

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு நேயர் கேட்டிருந்தார்: "கார்ல சூப்பர்சார்ஜர் மாட்டணும்னா அதை மட்டும் வாங்கி மாட்டினா போதாதா? ஏன் பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், பிஸ்டன்னு பட்டியல் நீண்டுக்கிட்டே போகுது?" நியாயமான கேள்வி. கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னாடி, இங்கிலாந்தில் இதே கேள்விக்காக ஒரு கம்பெனிக்குள்ளேயே பெரிய சண்டை நடந்திருக்கு. இன்னைக்கு அந்தக் கதைதான்.

முதல்ல அடிப்படை. சூப்பர்சார்ஜர் என்பது ஒரு காற்றடிக்கும் இயந்திரம். எஞ்சின் தானா இழுக்கும் காற்றைவிட அதிகக் காற்றை உள்ளே திணிக்கும். ஆனா காற்று மட்டும் எரியாது. ஒரு கிலோ பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேணும். காற்று கூடினா பெட்ரோலும் அதே கணக்கில் கூடணும். சூப்பர்சார்ஜர் முழு வேகத்தில் ஊதும்போது இன்னும் கொஞ்சம் தாராளமா, 12-க்கு ஒன்று என்ற அளவில் கொடுப்பாங்க, உள்ளே சூடு தணியட்டும்னு. பெட்ரோல் குறைஞ்சா சூடு ஏறும், கலவை நேரங்கெட்ட நேரத்தில் வெடிக்கும், கடைசியில் பிஸ்டன் உருகும். அந்தப் பட்டியல் நீளமா இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த ஊதுகுழல் கார்க்காரங்க கண்டுபிடிச்சது இல்லை. அமெரிக்காவின் இண்டியானாவில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-லேயே காப்புரிமை வாங்கினாங்க. உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்றடிக்க அது பயன்பட்டது. 1908-ல் பென்சில்வேனியாவில் லீ சாட்விக் பெல்ட்டில் ஓடும் வேறு வகை சூப்பர்சார்ஜரை ரேஸ் காரில் மாட்டினார், அந்தக் கார் மலையேற்றப் போட்டியில் ஜெயிச்சது. 1921-ல் பெர்லின் கண்காட்சியில் மெர்சிடிஸ் சூப்பர்சார்ஜர் கார்களைக் காட்டிச்சு. 1923-ல் இத்தாலிய கிராண்ட் ப்ரீயில் ஃபியட் ஜெயிச்சது. அப்புறம் ரேஸ் உலகத்தில் எல்லாருக்கும் அந்தப் பைத்தியம் பிடிச்சுது.

இப்ப நம்ம ஆள் வர்றார். டிம் பர்கின். வேகத்துக்காகவே பிறந்த மாதிரி ஒரு பணக்கார ஓட்டுநர். அவர் ஓட்டின பென்ட்லி நாலரை லிட்டர் எஞ்சின், சுமார் 110 குதிரைத்திறன். போட்டியாளர்களைப் பிடிக்க அது போதாதுன்னு அவருக்குத் தோணுச்சு. கம்பெனியை ஆரம்பிச்ச டபிள்யூ. ஓ. பென்ட்லியிடம் போனார். அவர் ஒத்துக்கலை. வேகம் வேணும்னா எஞ்சினைப் பெருசாக்கு, வெளியிலிருந்து ஊதாதே என்பது அவர் கொள்கை. ஆனா அதுக்குள்ள கம்பெனியின் பணப்பெட்டி அவர் கையில் இல்லை. தலைவர் வூல்ஃப் பர்னாடோ பர்கினுக்குப் பச்சைக்கொடி காட்டினார். டோரதி பேஜெட் என்ற பெரும் பணக்காரப் பெண் செலவை ஏத்துக்கிட்டாங்க. ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் என்ற பொறியாளர் சூப்பர்சார்ஜரை வடிவமைச்சார்.

எனக்குப் பிடிச்ச விவரமே இனிமேல்தான். எஞ்சினுக்குள்ளே இதுக்கு இடம் விட பென்ட்லி மறுத்ததால, சூப்பர்சார்ஜரை ரேடியேட்டருக்கு முன்னாடி, கிராங்க்ஷாஃப்டின் நுனியில் தொங்கவிட்டாங்க. கார் மூக்கு கனமாச்சு. திருப்பத்தில் சொன்ன பேச்சு கேட்காத வண்டி! இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்களை சூப்பர்சார்ஜரின் பக்கவாட்டிலேயே வெச்சாங்க. அதாவது பெட்ரோலும் காற்றும் முதல்லயே கலந்து, அந்தக் கலவைதான் அழுத்தப்படும். ஆவியாகும் பெட்ரோல் கலவையைக் கொஞ்சம் குளிர்விக்கும், அது லாபம். பின்னாடி வெடிச்சா சூப்பர்சார்ஜர் நிறைய எரியக்கூடிய கலவை இருக்கும், அது பயம்.

மெர்சிடிஸ் எஸ்.எஸ்.கே. இதற்கு நேர் எதிர். காற்றை முதல்ல அழுத்தி, கார்புரேட்டருக்குள்ளே ஊதினாங்க. கார்புரேட்டர்லயே அழுத்தம் இருக்கும்போது பெட்ரோல் அதைவிட அதிக அழுத்தத்தில் போனாத்தான் உள்ளே நுழையும். பெட்ரோல் வரும் வழியையே அதுக்கேத்த மாதிரி மாத்தணும். இன்னைக்கு டர்போ காருக்கு வலுவான பம்ப் போடுவதன் தாத்தா இது. இன்னொண்ணு, மெர்சிடிஸில் பெடலை முழுசா அழுத்தினாத்தான் சூப்பர்சார்ஜர் வேலை செய்யும், அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். பென்ட்லியில் அது எப்பவும் சுத்திக்கிட்டே இருக்கும்.

வில்லியர்ஸ் ஊதுகுழலோட நிறுத்தலை. கிராங்க்ஷாஃப்ட், பிஸ்டன், எண்ணெய் ஓடும் முறை எல்லாமே இந்த எஞ்சினுக்குத் தனியா செய்தவை. சாலைக் காரில் 175 குதிரைத்திறன், ரேஸ் காரில் 240 வரை வந்தது. லெ மான்ஸ் விதிப்படி பொதுமக்களுக்கும் விற்கணுமே, 50 கார்கள் செய்தாங்க. அந்தச் செலவு கம்பெனியின் தலையிலதான் விழுந்தது.

1930 லெ மான்ஸ். எதிரில் ருடால்ஃப் கரச்சியோலாவின் ஒரே ஒரு மெர்சிடிஸ். பர்கின், பின் டயரின் ரப்பர் கிழிஞ்சு பறக்கும்போதே அவரை முந்தினார். அந்த மெர்சிடிஸை விடாமல் விரட்டி, சூப்பர்சார்ஜரை ஓயாம பயன்படுத்த வைப்பதுதான் திட்டம் என்று பரவலாச் சொல்லுவாங்க. கடைசியில் மெர்சிடிஸ் மின்சாரக் கோளாறில் நின்னுச்சு. ஆனா இரண்டு ப்ளோவர் பென்ட்லிகளும் எஞ்சின் கோளாறால் 24 மணி நேரத்தை முடிக்கலை. ஜெயிச்சது யார்? பர்னாடோவும் க்ளென் கிட்ஸ்டனும் ஓட்டின ஸ்பீட் சிக்ஸ். ஆறரை லிட்டர், சூப்பர்சார்ஜர் இல்லாத பென்ட்லி. டபிள்யூ. ஓ. என்ன நினைச்சிருப்பார்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

அதே வருஷம் பாவ் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் ப்ரீயில், குட்டி புகாட்டிகளுக்கு நடுவே அந்தப் பெரிய வண்டியை ஓட்டி பர்கின் இரண்டாவதா வந்தார். அதனால ப்ளோவர் தோல்விதான்னு நான் சொல்ல மாட்டேன். அரை மனசோட செய்த மாற்றம் என்பேன். சூப்பர்சார்ஜருக்காகவே முதல் கோட்டிலிருந்து வரைஞ்ச எஞ்சின் இருந்திருந்தா கதை வேற மாதிரி போயிருக்கலாம்.

1931-ல் பென்ட்லி கம்பெனி கடனில் மூழ்கி, ரோல்ஸ்-ராய்ஸ் கைக்குப் போச்சு. பர்கின் 1933-ல் இறந்தார், வயது 36. அவருடைய ஒற்றை இருக்கை ப்ளோவர் 2012-ல் ஏலத்தில் 50 லட்சம் பவுண்டுக்கு மேல போச்சு. இயான் ஃப்ளெமிங்கின் நாவல்களில் முதல்ல ஜேம்ஸ் பாண்ட் ஓட்டும் காரும் ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் சூப்பர்சார்ஜர் மாட்டின பென்ட்லிதான். வில்லியர்ஸ் ஃப்ளெமிங்கின் நண்பர். பின்னாளில் அவரை உட்காரவெச்சு ஓவியமும் வரைஞ்சார்.