நேரடிப் பண உதவி (மேற்குக் கென்யா)

ஏழைக் குடும்பத்துக்குத் தானியம், கறவை மாடு, பயிற்சி வகுப்பு என்று பிறர் தேர்ந்தெடுத்துக் கொடுக்காமல், பணத்தையே கையில் கொடுத்துச் செலவை அக்குடும்பத்தின் விருப்பத்துக்கு விட்டுவிடும் முறை நேரடிப் பண உதவி எனப்படும். நிபந்தனை உள்ளது, நிபந்தனை அற்றது என இது இரு வகை. மெக்சிகோவில் 1997இல் தொடங்கிய ப்ரொக்ரேசா, பிரேசிலில் 2003இல் தொடங்கிய போல்சா ஃபமிலியா ஆகியவை முதல் வகை. பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்குப் போக வேண்டும், தாயும் சேயும் மருத்துவச் சோதனைக்கு வர வேண்டும் என்ற கட்டுப்பாடுகள் அவற்றில் இருந்தன. இரண்டாம் வகையில் கட்டுப்பாடு ஏதுமில்லை. அவ்வகையில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட இடங்களுள் ஒன்று, கென்யாவின் மேற்கே விக்டோரியா ஏரியை ஒட்டியுள்ள சியாயா மாவட்டம்.

சியாயாவில் பெரும்பான்மையோர் லுவோ இனத்தவர். மக்காச்சோளம், சோளம், மரவள்ளி, அவரை ஆகியவற்றை மழையை நம்பிப் பயிரிடுவர். ஒமேனா என்னும், நெத்திலியை ஒத்த ஏரி மீனைக் காயவைத்து விற்பர். மலேரியா மிகுந்த பகுதி. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த பராக் ஒபாமாவின் தந்தை வழி ஊரான கொகேலோ இம்மாவட்டத்தில் இருப்பதால் வெளியுலகம் இதன் பெயரைக் கேட்டிருக்கிறது. பொருளியலாளர்களோ இதை வேறொன்றால் அறிவர்: புல் வேய்ந்த கூரைகளின் கணக்கால்.

கூரைக் கணக்கின் வரலாறு

லுவோ குடும்பம் வாழும் வளவுக்கு ‘டாலா’ என்று பெயர். வேலி சூழ்ந்த அவ்வளவில் ஒவ்வொரு மனைவிக்கும் தனி வீடு உண்டு. வளர்ந்த மகனுக்கு ‘சிம்பா’ என்னும் குடில் உண்டு. மண்சுவர், அதன்மேல் புற்கூரை. ஒரு டாலாவில் எத்தனை கூரை என்று எண்ணினால் அக்குடும்பத்தின் அளவும் செல்வாக்கும் ஓரளவு புலப்பட்டுவிடும். இதை முதலில் பயன்படுத்திக்கொண்டது ஆங்கிலேய ஆட்சி.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்காப்பிரிக்கப் பாதுகாப்பு நாட்டில் குடிசை வரி விதிக்கப்பட்டது. ஆளை எண்ணுவது கடினம், குடிசை ஓடி ஒளியாது என்பது அதிகாரிகளின் எண்ணம். பல மனைவியரைக் கொண்டவன் பல குடிசைகளுக்கு வரி கட்ட வேண்டியதாயிற்று. வரியைக் குறைப்பதற்காக மக்கள் ஒரே குடிசையில் நெருக்கியடித்துக்கொண்டு வாழத் தொடங்கவே, 1910இல் தலைவரியும் சேர்க்கப்பட்டது. தானியமும் ஆடும் வைத்திருந்த மக்களிடம் வரி நாணயமாகக் கேட்கப்பட்டதால், அந்த நாணயத்தைத் தேடி ஆடவர் வெள்ளையர் தோட்டங்களுக்கும் இருப்புப்பாதைப் பணிக்கும் கூலிக்குச் செல்ல நேர்ந்தது. அதுவும் வரியின் உள்நோக்கங்களுள் ஒன்று.

அந்த நாணயம் இந்திய ரூபாய். 1920 வரை கென்யாவில் ரூபாயே செல்லுபடியானது. சுவாஹிலி மொழியில் பணத்துக்கு வழங்கும் ‘பெசா’ என்ற சொல் நம் பைசாவின் வழி வந்ததே. நேரடிப் பண உதவியை இன்று வீடு சேர்க்கும் கைப்பேசிப் பணச் சேவையின் பெயரிலும் அந்தப் பைசா ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உகாண்டா இருப்புப்பாதை 1901இல் ஏரிக்கரையிலுள்ள கிசுமுவை எட்டியது. அதை அமைக்க இந்தியாவிலிருந்து, குறிப்பாகப் பஞ்சாபிலிருந்து, ஆயிரக்கணக்கான தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். பாதையின் வழியே இந்திய வணிகர் கடைகள் பெருகின. நெளிவுத் தகரமும் உள்நாட்டுக்குள் வந்தது. அதன் சுவாஹிலிப் பெயர் ‘மபாத்தி’. மபாத்திக் கூரை முதலில் பள்ளி, தேவாலயம், கடை ஆகியவற்றின் மேல் ஏறியது; பிறகு ஆசிரியர், எழுத்தர் போன்ற சம்பளக்காரர் வீடுகளில் ஏறியது. புற்கூரை ஏழையின் கூரையாக நின்றுவிட்டது. ஆனாலும் அது மலிவானதன்று. ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை புல் தேடி வேய வேண்டும், ஆள் வைத்தால் கூலி கொடுக்க வேண்டும், மழைக்காலத்தில் ஒழுகும். தகரத்துக்கு ஒருமுறை பெருந்தொகை வேண்டும். பிறகு பல ஆண்டுகளுக்குச் செலவில்லை, மழைநீரையும் பிடித்துக்கொள்ளலாம். நீண்டகாலக் கணக்கில் புற்கூரைதான் விலை கூடியது என்பது அதன்கீழ் வாழ்வோர் அறியாததன்று. ஒருசேரக் கொடுக்கப் பணம் இராது என்பதே சிக்கல்.

கிவ்டைரக்ட்லி

2008 வாக்கில் ஹார்வர்டு, எம்.ஐ.டி. மாணவர்களான பால் நீஹாஸ், மைக்கேல் ஃபே, ஜெரமி ஷப்பிரோ, ரோஹித் வாஞ்சூ ஆகியோர் தம் நன்கொடையை இடைத்தரகின்றி ஏழையிடம் சேர்க்க வழி தேடினர். சஃபாரிகாம் நிறுவனம் 2007 மார்ச்சில் தொடங்கிய எம்-பெசா அதற்கு வழி செய்தது. வங்கிக் கணக்கு இல்லாதவரும் கைப்பேசியில் பணம் பெற்று, சந்தையிலுள்ள பச்சை வண்ண முகவர் கடையில் ரொக்கமாக மாற்றிக்கொள்ளலாம். நண்பர்களின் முயற்சி கிவ்டைரக்ட்லி என்ற தொண்டு நிறுவனமாகி, 2011இல் பொதுமக்களிடம் நன்கொடை பெறத் தொடங்கியது.

யாருக்குக் கொடுப்பது என்ற கேள்விக்கு அது கண்ட விடை, பழைய வரி அதிகாரி கண்ட விடையேதான். களப்பணியாளர் ஊருக்குள் சென்று கூரையைப் பார்ப்பார். புற்கூரை என்றால் தகுதி உண்டு, தகரம் என்றால் இல்லை. ஒரு குழு பட்டியல் எடுக்க, மற்றொரு குழு சரிபார்க்கும். ஒரு காலத்தில் வாங்குவதற்கு எண்ணப்பட்ட அதே கூரை இப்போது கொடுப்பதற்கு எண்ணப்பட்டது. சமையற் குடிலையோ மகனின் சிம்பாவையோ தாம் வாழும் வீடென்று காட்டியவர்களும் இருந்தனர். வரிக் காலத்தில் பாட்டன் செய்த சூழ்ச்சியைப் பேரன் திருப்பிப் போட்டான் எனலாம்.

பணம் சென்ற வழி

2011 முதல் 2013 வரை சியாயாவின் ரரியேடா பகுதியில், 120 ஊர்களில், யோஹானஸ் ஹவுஸ்ஹோஃபரும் ஷப்பிரோவும் நடத்திய ஆய்வு இத்துறையின் மூலநூல் போன்றது, 2016இல் வெளியானது. குலுக்கல் முறையில் சில குடும்பங்களுக்குச் சிறிய தொகையும் சிலவற்றுக்குச் சுமார் ஆயிரம் டாலரும் தரப்பட்டன. சிலர் மொத்தமாகவும் சிலர் மாதத் தவணையாகவும் பெற்றனர். சில வீடுகளில் கணவனிடமும் சில வீடுகளில் மனைவியிடமும் பணம் சேர்ந்தது.

பணம் பெற்றவர்கள் முதலில் செய்த பெருஞ்செலவு கூரை. பணம் பெறாதவர்களில் நூற்றுக்கு 16 வீடுகளே தகரம் வேய்ந்திருக்க, பெற்றவர்களில் அதைவிட ஏறத்தாழ 23 வீடுகள் கூடுதல். தகுதியளித்த கூரையையே முதலில் கழற்றிப்போட்டார்கள். அடுத்து மாடு, ஆடு, கோழி. சாப்பாட்டுச் செலவு கூடியது. பட்டினி நாட்கள் குறைந்தன. மருந்து, கல்வி, சடங்குகள் என எல்லாவற்றிலும் சிறிது சிறிது ஏற்றம். மொத்தத்தில் மாதச் செலவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உயர்ந்தது. கென்யாவில் தொடக்கக் கல்வி 2003 முதல் கட்டணமற்றது என்றாலும், மேல்நிலைப் பள்ளியில் விடுதிக் கட்டணமும் சீருடையும் குடும்பத்தின் தலையில்தான் விழும். மணப்பெண்ணுக்குப் பரிசமாக மாடு கொடுப்பது லுவோ வழக்கம். நெடுநாள் பாக்கியாயிருந்த பரிசத்தைச் செலுத்திய ஆடவரும் உண்டு. மெத்தை, சூரிய விளக்கு, வாடகைக்கு ஓட்ட மோட்டார் சைக்கிள் என வாங்கியோரும் உண்டு.

மது, புகையிலைச் செலவு கூடவில்லை. ஏழை கையில் காசு வந்தால் கள்ளுக்கடைக்குத்தான் போகும் என்பது கொடுப்போர் பலரும் நெஞ்சார நம்பிய பழிச்சொல். உலக வங்கிக்காக டேவிட் எவன்ஸும் அன்னா போபோவாவும் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2014இல் பார்த்தபோதும் அதற்குச் சான்று கிடைக்கவில்லை. எனவே இக்கருத்தை இனிப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

மாதத் தவணை பெற்றவர் வீட்டில் அது பெரும்பாலும் அடுப்புக்குச் சென்றது. மொத்தமாகப் பெற்றவரிடம் கூரையாக, மாடாக நின்றது. கணவன் பெற்றாலும் மனைவி பெற்றாலும் செலவின் போக்கில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. ஆய்வாளர் உமிழ்நீரில் கார்டிசால் என்னும் மன அழுத்தச் சுரப்பையும் அளந்தனர்: மனைவி பெற்ற வீடுகளிலும், பெருந்தொகை அல்லது மொத்தத் தொகை பெற்ற வீடுகளிலும் அது தாழ்ந்திருந்தது. வீட்டுக்குள் அடி உதையும் குறைந்தது.

பெறாதவர் நிலை

ஒரே ஊரில் சிலருக்குக் கொடுத்துச் சிலருக்குக் கொடாதிருப்பது பொறாமையை வளர்க்கும், விலைவாசியை ஏற்றும் என்ற குறைகள் எழுந்தன. 2014 முதல் 2017 வரை சியாயாவின் அலெகோ, உகுஞ்சா, உக்வாலா பகுதிகளில் 653 ஊர்களை உள்ளடக்கி நடந்த பேராய்வு இதற்கு விடையளித்தது. சுமார் 10,500 புற்கூரைக் குடும்பங்கள் தலா 87,000 ஷில்லிங் பெற்றன. முதலில் அடையாளமாக 7,000, பிறகு இரு முறை 40,000. அப்பகுதியின் ஓராண்டு வருமானத்தில் ஏழில் ஒரு பங்குக்கு மேலான பணம் இப்படி வந்து இறங்கியும், விலைகள் சராசரியாக நூற்றுக்கு 0.1 அளவே ஏறின. பணம் பெறாத அண்டை வீட்டாரின் செலவும் ஏறக்குறைய பெற்றவர் அளவுக்கு உயர்ந்தது. கொடுத்த ஒவ்வொரு டாலரும் ஊர்ப் பொருளாதாரத்தில் சுமார் இரண்டரை டாலராகச் சுழன்றது.

காரணம் விளங்காததன்று. சந்தையில் ‘போஷோ மில்’ எனப்படும் மாவரவை இயந்திரம் வைத்திருப்பவர் முன்பு பாதி நாள் சும்மா இருந்தார், தையற்காரரும் அப்படியே. வாடிக்கையாளர் கூடியபோது புதிய ஆளோ புதிய இயந்திரமோ இன்றியே கூடுதல் வேலையை முடித்தனர். அதனால் விலையேற்றத் தேவையில்லாமற் போயிற்று. எட்வர்ட் மிகெல், டென்னிஸ் எக்கர், மைக்கேல் வாக்கர் முதலியோருடன் ஹவுஸ்ஹோஃபரும் நீஹாஸும் எழுதிய இவ்வாய்வு 2022இல் வெளியானது. அண்டை வீட்டாருக்குத் தீங்கு என்ற பேச்சு இத்துடன் வலுவிழந்தது. இதே ஊர்களைக் கொண்டு 2025இல் வெளியான மற்றொரு ஆய்வு, பணம் பெற்ற வீடுகளில் ஒரு வயது நிறையாத குழந்தைகளின் இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்கிறது. கருவுற்ற பெண்கள் கடைசி மாதங்களில் வயலுக்குச் செல்வதைக் குறைத்ததும், மருத்துவமனைக்குப் பிள்ளைப்பேற்றுக்குச் சென்றதும் காரணங்கள்.

மறுத்தவர்

தெற்கேயுள்ள ஹோமா பே மாவட்டத்தில் 2015இல் தகுதி பெற்றோரில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் பணமே வேண்டாம் என்றனர். உழைக்காமல் வரும் காசு சாத்தானுடையது, பிற்பாடு பிள்ளையைக் கேட்கும் என்று வதந்தி பரவியிருந்தது. இதை அறியாமை என்று ஒதுக்குவோர் உண்டு. ஆயினும் வெளியிலிருந்து வந்தவர் கூரையை எண்ணிய ஒவ்வொரு முறையும் பின்னால் ஒரு கணக்கு வந்த நாட்டில், எண்ணிக் கொடுக்கும் கையை ஐயுறுவது வியப்பன்று.

அடிப்படை வருமானம்

2016இல் ஓர் ஊரில் வெள்ளோட்டம் பார்த்து, பின்னர் சியாயா, பொமெட் மாவட்டங்களில் 295 ஊர்களைக் கொண்டு அடிப்படை வருமான ஆய்வு அமைக்கப்பட்டது. இதில் கூரை பார்க்கப்படுவதில்லை. தேர்ந்த ஊரில் வயதுவந்தோர் அனைவருக்கும் உதவி உண்டு. சில ஊர்களுக்கு ஆளுக்கு மாதம் 2,250 ஷில்லிங் வீதம் 12 ஆண்டு, சிலவற்றுக்கு இரண்டே ஆண்டு, சிலவற்றுக்கு மொத்தமாகச் சுமார் 500 டாலர். அபிஜித் பானர்ஜி, தவ்நீத் சூரி ஆகியோர் ஆய்வாளருள் அடங்குவர். 2023இல் வெளியான முடிவுகளில் மொத்தத் தொகை பெற்றவரும் 12 ஆண்டு உறுதி பெற்றவரும் சிறுதொழிலில் முன்னேற, இரண்டாண்டுத் தவணையார் பின்தங்கினர். நீண்டகாலத்தார் மாதப் பணத்தைச் ‘சாமா’ என்னும் குழுவில் போட்டு, முறை வரும்போது திரண்ட தொகையாக எடுத்துக்கொண்டனர். நம் ஊர்களில் பெண்கள் பிடிக்கும் குலுக்கல் சீட்டும் இதுவும் ஒன்றே.

கிவ்டைரக்ட்லி உகாண்டா, ருவாண்டா, மலாவி, லைபீரியா முதலிய நாடுகளிலும் இயங்கியுள்ளது. தகரம் பரவியதால் கூரையைக் கொண்டு ஏழையை அறியும் முறை பெரும்பாலும் கைவிடப்பட்டது.