மிதியாத மிதிவண்டி



இராமாநுசர் தோன்றிய ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை செல்லும் சாலையில் இன்று பயணம் செய்வோர் காண்பது தொழிற்சாலைகளின் நீண்ட மதில்களையே. ஏரிகளும் வயல்களுமாய் இருந்த இந்நிலப் பகுதியில், 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010இல் ரெனோ–நிஸான், 2012இல் டைம்லர் லாரித் தொழிற்சாலை, 2013இல் ராயல் என்ஃபீல்டு என ஒன்றன்பின் ஒன்றாக ஒரகடத்தில் எழுந்தன.

இவற்றுள் இறுதியில் கூறிய நிறுவனத்தின் குடிவழி சுவையானது. 1955ஆம் ஆண்டு முதல் சென்னையில் மோட்டார் சைக்கிள் செய்துவந்த அதன் மூலம், இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்தது. அங்கு அது முதலில் செய்து விற்றது சாதாரணச் சைக்கிள்களையே. 1901இல்தான் அவற்றோடு மோட்டார் சைக்கிளும் சேர்ந்தது. ஆக, ஒரகடத்து மோட்டார் சைக்கிளுக்குத் தாய் மிதிவண்டி. அம்மிதிவண்டிக்குத் தாய் எது? மிதிப்பதற்கு ஏதுமே இல்லாத ஒரு மரவண்டி!

ஜெர்மனியின் பாடன் நாட்டில் வனத்துறை அலுவலராக இருந்தவர் கார்ல் ஃபான் டிரைஸ். 1817ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், மன்ஹைம் நகரத்துத் தம் இல்லத்திலிருந்து அவர் ஒரு விந்தையான வண்டியில் புறப்பட்டார். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மரச்சக்கரங்கள், நடுவே இருக்கை, முன்சக்கரத்தைத் திருப்ப ஒரு பிடி. அவ்வளவே. இருக்கையில் அமர்ந்து, கால்களால் தரையை மாறி மாறி உதைத்து, போகவர ஏறத்தாழ 13 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்திற்குள் கடந்தார். 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து, மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாது போயிற்று. விளைவு பொய்த்தது, குதிரைகளுக்குத் தீவனம் இல்லை, அதனாலேயே குதிரையில்லா வண்டி பிறந்தது என்பர் சிலர். அழகிய கதைதான், ஆயினும் அது உறுதிப்பட்ட வரலாறு அன்று, ஊகமே.

நம் ஆராய்ச்சிக்கு உரிய செய்தி வேறு. இவ்வண்டிக்குப் பெடல் பூட்டப்பட்டது 1860களில், பாரிஸ் நகரில். அதை முதலில் பூட்டியவர் மிஷோவா, லாலிமானா என்பது இன்றும் வழக்கு. ஒரு சக்கரத்தில் இரண்டு பெடல்களைப் பொருத்துதல் கொல்லர் எவரும் செய்யத்தக்க வேலை. அதற்கு ஏன் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தனர்? அச்சமே காரணம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். எனக்கும் அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது. இரண்டு சக்கரங்களின் மேல் இருந்துகொண்டு, இரு கால்களையும் நிலத்தினின்று எடுத்துவிடலாம் என்று எண்ணிப் பார்க்கவே மனிதருக்குத் துணிவு வரவில்லை. 1819இல் லண்டன் நகரில் இவ்வண்டியை விற்ற டெனிஸ் ஜான்சன் என்பவர், ஓட்டப் பழக்குவதற்கென்றே பயிற்சிக்கூடமும் நடத்த வேண்டியிருந்தது.

நம் மொழியில் ‘மிதிவண்டி’ என்கிறோம். காலின் தொழிலைக் கொண்டு பெயரிட்டோம். யாழ்ப்பாணத்தார் ‘துவிச்சக்கர வண்டி’ என்பர். சக்கரங்களை எண்ணிப் பெயரிட்டனர். டிரைஸின் வண்டிக்கு அவர்கள் வைத்த பெயரே பொருந்தும். சைக்கிள் ஓட்டுவதில் கடினமான பகுதி மிதிப்பது அன்று; விழாதிருப்பது. வண்டி இடப்புறம் சாயும்போது முன்சக்கரத்தையும் இடப்புறமே திருப்ப வேண்டும். அப்போது சக்கரங்கள் சாயும் உடலின் அடியில் வந்து அதைத் தாங்குகின்றன. சுழலும் சக்கரத்தின் விசையே வண்டியை நிறுத்துகிறது என்று நெடுங்காலம் பாடநூல்கள் கூறின. டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழகத்தார் அவ்விசையை நீக்கிய வண்டி ஒன்றைச் செய்து, அதுவும் விழாமல் தானே ஓடக்கூடும் என்று 2011இல் காட்டினர்.

குழந்தையின் சைக்கிளில் இரு பக்கமும் சிறு சக்கரங்களைப் பூட்டுகிறோமே, அது செய்வது என்ன? வண்டியைச் சாயவே விடுவதில்லை. சாயாத வண்டியில் சமநிலையைக் கற்பது எங்ஙனம்? குழந்தை மிதிக்கக் கற்கிறது. பக்கச் சக்கரங்களைக் கழற்றிய அன்று விழுகிறது. 1997இல் ஜெர்மானியர் ரோல்ஃப் மெர்டென்ஸ் குழந்தைகளுக்காக மரத்தில் செய்த சிறு வண்டி, டிரைஸின் வண்டிக்கே மறுபிறப்பு எனலாம். பெடல் இல்லை, சங்கிலி இல்லை. காலால் உந்தி உந்திச் செல்லவேண்டியதுதான்.

நம் நாட்டுச் சிறுவர் கற்ற முறை இதற்கு நேர்மாறு. வாடகைக் கடையில் பெரியவர்களின் சைக்கிளை மணிக்கணக்கில் எடுத்து, உயரம் எட்டாமையால் குறுக்குச் சட்டத்தின் கீழே ஒரு காலை நுழைத்து ஓட்டும் ‘குரங்குப் பெடலை’ அறியாதார் யார்? முழங்காலில் தழும்பில்லாமல் அதனைக் கற்றோர் அரியர். அதனைப் போற்றுவோர் உளர். நான் அவ்வளவு போற்றமாட்டேன். தெருவில் விழுந்து எழுந்து கற்கும் உரிமை பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே இருந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991ஆம் ஆண்டு தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் கற்பிக்கச் செய்தபோது, பல்லாயிரம் பெண்கள் வளர்ந்த பின்னரே முதன்முதலாக அதில் ஏறினர். மகளிர் சைக்கிள் போதிய அளவு கிடைக்காமையால் பலர் ஆடவர் சைக்கிளை வாங்கினர் என்றும், குறுக்குச் சட்டத்தில் குழந்தையை அமர்த்திச் செல்ல அதுவே வசதி என்று சிலர் அதனை விரும்பினர் என்றும் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியுள்ளார்.

அக்குழந்தைகள் இன்று பெற்றோர் ஆகியிருப்பர். ஒரகடம் போன்ற இடங்களில், சரக்கு லாரி ஓயாது ஓடும் சாலையில் சிறுவர் சைக்கிள் பழக இயலாது, பழகவும் விடலாகாது. ஆனால் பெடல் இல்லாத வண்டிக்குச் சாலை வேண்டுவதில்லை. பள்ளி முற்றம் போதும்; கோயில் முன்திடல் போதும். நம் நடைவண்டி ஓடிய இடமெல்லாம் இதுவும் ஓடும்.

விலை கொடுத்துப் புதிதாக வாங்கவும் தேவையில்லை. உள்ள சிறு சைக்கிளின் பெடல்களை ஒரு ஸ்பானர் கொண்டு கழற்றிவிடலாம். வலப்பக்கப் பெடல் வழக்கம்போல் இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். இடப்பக்கத்து மரை மாறாக வெட்டப்பட்டிருத்தலால் அதனை வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். குழந்தையின் இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் படியுமாறு இருக்கையைத் தாழ்த்துக. முதலில் குழந்தை வண்டியோடு நடக்கும், பின்னர் ஓடும், ஒருநாள் தானாகவே இரு கால்களையும் தூக்கிக்கொண்டு சிறிது தூரம் மிதந்து செல்லும். அவ்வாறு செல்லும் தூரம் பத்துப் பதினைந்து அடியாக வளர்ந்த பிறகு பெடல்களை மீண்டும் பூட்டலாம்.